மூளையையும் தந்துவிட்டுப் போன ஆசிரியைகள்

1930 செப்டம்பர் 22 அன்று, வட அமெரிக்காவில் இருந்த ஒரு கத்தோலிக்கக் கன்னியர் சபையின் தலைவி தம் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள் அனுப்பினார். ஒவ்வொருவரும் தம் வாழ்க்கைக் கதையைச் சுருக்கமாக எழுதித் தர வேண்டும். இருநூறு, முந்நூறு சொல்லுக்கு மேல் போகக் கூடாது. ஒரே தாளில் அடங்க வேண்டும். பிறந்த ஊர், பெற்றோர், சிறு வயதில் நடந்த சுவையான சம்பவங்கள், படித்த பள்ளி, மடத்துக்கு வரத் தூண்டியது எது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இறுதி வார்த்தைப்பாடு என்ற துறவற உறுதிமொழி கொடுக்கும் தறுவாயில் இருந்த இளம் சகோதரிகள் இதைத் தம் கைப்பட எழுதினார்கள். சராசரி வயது 22. எழுதிய தாள்கள் சபையின் ஆவணக் காப்பறைக்குப் போய்ச் சேர்ந்தன.

அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்தத் தாள்களை எடுத்துப் படித்தவர்கள் விஞ்ஞானிகள். எழுதிய பெண்கள் அப்போது எண்பது வயதை நெருங்கியோ தாண்டியோ இருந்தார்கள். ஒரே மடம், ஒரே உணவு, ஒரே வேலை என்று வாழ்ந்தவர்களில் சிலருக்குக் கூடவே பழகியவர்களின் பெயர்கூட மறந்துபோயிருந்தது. சிலர் கணீரென்று பேசிக்கொண்டு, நாளிதழ் படித்துக்கொண்டு, அடுத்தவருக்கு உதவி செய்துகொண்டிருந்தார்கள். இருபத்திரண்டு வயதில் ஒரு பெண் எழுதிய ஒற்றைத் தாளில், அவளுடைய எண்பத்தைந்தாம் வயது மறதிக்கான தடயம் இருந்தது என்று அந்த விஞ்ஞானிகள் கண்டார்கள். முதுமையையும் மூளையையும் பற்றி நாம் பேசும் விதத்தையே மாற்றிய ஆய்வுகளில் இது ஒன்று. உலகம் அதைக் ‘கன்னியர் ஆய்வு’ என்றே அழைக்கிறது. அறிவியல் ஏடுகளில் ஆய்வாளர்களின் பெயர்தான் முதலில் வரும். ஆனால் இந்தக் கதையில் முதல் மரியாதை அந்தச் சகோதரிகளுக்குத்தான் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அவர்களின் சபை, நோத்ர தாம் பள்ளிச் சகோதரிகள் சபை. பெயரிலேயே பள்ளிக்கூடம் இருக்கிறது. 1833-இல், ஜெர்மனியின் பவேரியாப் பகுதியில் நோயின்புர்க் என்ற சிற்றூரில் மூன்று பெண்கள் ஒன்றாக வாழத் தொடங்கியபோது பிறந்தது இது. தொடங்கியவர் கரோலினா கெர்ஹார்டிங்கர். துறவறப் பெயர் மரிய தெரசா. படகோட்டி ஒருவரின் ஒரே மகள். அவர் சிறுமியாக இருந்தபோது பவேரிய அரசு மடங்களை மூடிக்கொண்டே வந்தது. அவர் படித்த கன்னியர் பள்ளியும் மூடப்பட்டது. அந்தப் பள்ளியைத் தொடர்ந்து நடத்த ஆள் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கப்பட்டு, பத்துப் பன்னிரண்டு வயதிலேயே ஆசிரியைப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டவர் அவர். ஏழைப் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தறிவு தரும் வேலை அவர் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

அவர் செய்த ஒரு மாற்றம் அந்தக் காலத்துக்குப் பெரிய துணிச்சல். கன்னியர் என்றால் உயர்ந்த மதிலுக்குள் பெருங்கூட்டமாக அடைந்து வாழ்வதே வழக்கம். இவரோ இரண்டு மூன்று சகோதரிகளைச் சேர்த்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். பள்ளிக்கூடம் எங்கே வேண்டுமோ அங்கே மடம். ஆள் பரவிக் கிடந்தாலும் சபைக்கு ஒரே விதிமுறை, ஒரே தாய் இல்லம், பெண்ணே தலைவி. 1847-இல் ஜெர்மானியக் குடியேறிகளின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தர அவரே சில சகோதரிகளோடு கப்பலேறி அமெரிக்கா போனார். அந்தப் பயணத்தில் ஓர் இளம் சகோதரியைப் பென்சில்வேனியா மண்ணில் அடக்கம் செய்துவிட்டுத்தான் மற்றவர்கள் நடையைத் தொடர முடிந்தது. அங்கிருந்து பால்டிமோர், மில்வாக்கி, செயின்ட் லூயிஸ், மினசோட்டாவின் மான்கேட்டோ என்று சபை பரவியது. 1985-இல் கெர்ஹார்டிங்கரைத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அருளாளராக அறிவித்தார். அதற்கு அடுத்த ஆண்டுதான் ஆய்வு தொடங்கியது.

டேவிட் ஸ்னோடன் அப்போது மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நோய்ப்பரவல் இயல் ஆய்வாளர். எந்த நோய் யாருக்கு வருகிறது, ஏன் வருகிறது என்று கூட்டங்கூட்டமாக மக்களைக் கணக்கெடுத்துப் பார்க்கும் துறை அது. இந்தத் துறையின் தீராத தலைவலி ஒன்று உண்டு. படித்தவருக்கு மறதி நோய் குறைவு என்று கண்டுபிடித்தால், உடனே கேள்வி வரும்: படிப்பாலா, படித்ததால் கிடைத்த சம்பளத்தாலா? நல்ல சாப்பாட்டாலா? நல்ல மருத்துவராலா? சிகரெட் பிடிக்காததாலா? எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். பிரித்தெடுப்பது பெரும்பாடு.

கன்னியர் மடத்தில் அந்தப் பின்னல் பெருமளவு தானே அவிழ்ந்துவிடுகிறது. ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்தவர்கள் என்பதால் சொந்தச் சம்பளம் யாருக்கும் இல்லை. பட்டம் பெற்ற ஆசிரியைக்கும் அடுக்களையில் ரொட்டி சுடும் சகோதரிக்கும் ஒரே பந்தி, ஒரே மருத்துவர், ஒரே கூரை. புகை இல்லை, மது அநேகமாக இல்லை, திருமணமோ பிள்ளைப்பேறோ இல்லை. ஒரே வயலில் ஒரே தண்ணீர் பாய்ச்சி வளர்த்த பயிரில் ஒரு நாற்று மட்டும் சவலையாக நின்றால் விதையைச் சந்தேகிப்போம் அல்லவா, அதே நியாயம்தான் இங்கும். போதாததற்கு, கன்னியர் சபையினர் ஆவணம் காப்பதில் கெட்டிக்காரர்கள். யார் எந்த ஆண்டு சபையில் சேர்ந்தார், என்ன மதிப்பெண் வாங்கினார், எந்தப் பள்ளியில் எத்தனை ஆண்டு வேலை பார்த்தார் என்பதற்கெல்லாம் தாள் இருக்கும்.

இதை முதலில் உணர்ந்தவர் ஸ்னோடன் அல்ல. தொழில்நோய் மருத்துவத்தின் தந்தை எனப்படும் இத்தாலியர் பெர்னார்டினோ ரமாட்சினி, மார்பகப் புற்றுநோய் கன்னியரிடம் அதிகம் காணப்படுவதாக 1713-இலேயே எழுதினார். 1842-இல் இன்னொரு இத்தாலியர், ரிகோனி ஸ்டெர்ன், வெரோனா நகரின் பல பத்தாண்டு இறப்புப் பதிவேடுகளை அலசி, கருப்பைப் புற்றுநோய் மணமான பெண்களோடு ஒப்பிடக் கன்னியரிடம் மிக அரிது என்று காட்டினார். ஏன் அப்படி என்ற கேள்விக்கு முழு விடை கிடைக்க நூறாண்டுக்கு மேல் ஆனது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் உடலுறவால் பரவும் ஒரு வைரஸ் என்று ஹரால்ட் ட்சூர் ஹவுசன் நிறுவினார். அதற்காக 2008-இல் நோபல் பரிசு பெற்றார். இன்று நம் பெண்பிள்ளைகளுக்குப் போடச் சொல்லும் தடுப்பூசிக்கு முன்னால் இத்தனை நீண்ட கதை நிற்கிறது.

மடங்கள் சொல்லித் தந்தது புற்றுநோயைப் பற்றி மட்டும் அல்ல. இத்தாலியின் உம்ப்ரியாவில் அடைபட்ட மடமொன்றின் 144 கன்னியரையும், அதே பகுதியில் வெளியே வாழ்ந்த 138 பெண்களையும் இருபது ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். வெளியே இருந்தவர்களுக்கு வயது ஏற ஏற ரத்த அழுத்தமும் ஏறியது. மடத்துக்குள் இருந்தவர்களுக்கு அது கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே நின்றது. வயதானால் பிரஷர் வருவது இயற்கை என்று நாம் சொல்லிக்கொள்கிறோமே, அது அவ்வளவு இயற்கையானது அல்ல என்பதற்கு அந்த மடம் சாட்சி. பின்னாளில் மார்க் லூய் என்ற மக்கள்தொகை ஆய்வாளர், பவேரிய மடங்களில் வாழ்ந்த பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட துறவிகளின் ஆயுளைக் கணக்கிட்டார். வெளியுலகில் பெண்கள் ஆண்களைவிட ஆறாண்டு போல அதிகம் வாழ்ந்த காலத்தில், மடங்களில் அந்த இடைவெளி சுமார் ஓராண்டுதான். கன்னியரின் ஆயுள் மற்றப் பெண்களின் ஆயுளைவிடப் பெரிதாக மாறவில்லை. துறவு பூண்ட ஆண்கள்தான் வெளியுலக ஆண்களைவிட நாலைந்து ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார்கள். ஆண்கள் சீக்கிரம் சாவது பெரும்பாலும் பிறப்பால் அல்ல, வாழும் விதத்தால் என்று இதைவிடத் தெளிவாக வேறு எதுவும் எனக்குச் சொன்னதில்லை.

ஸ்னோடனிடம் வருவோம். மான்கேட்டோவில் குன்றின் மேல் இருந்த தாய் இல்லத்துக்கு அவர் 1986-இல் போனார். ஆவணங்களைப் பார்த்த முதல் கட்டத்திலேயே ஒன்று தெரிந்தது. பட்டப்படிப்பு முடித்த சகோதரிகள் நெடுநாள் வாழ்ந்தார்கள். வாழ்ந்த காலத்தில் தம் வேலையைத் தாமே பார்த்துக்கொள்ளும் தெம்போடும் இருந்தார்கள். குறைந்த படிப்போடு சமையலும் வீட்டுவேலையும் பார்த்தவர்கள் அப்படி இல்லை. இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள். படிப்பின் பலன் சம்பளத்தின் வழியாக மட்டும் வருவதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

1990-இல் அவர் கென்டகி பல்கலைக்கழகத்துக்கு மாறியபோது ஆய்வு பெரிதானது. அந்த நேரத்தில்தான் மிகக் கடினமான ஒரு கேள்வியைச் சகோதரிகளிடம் கேட்க வேண்டி வந்தது. மறதியைக் கொண்டுவரும் அல்சைமர் நோயை உறுதியாகச் சொல்ல அன்று ஒரே வழி, இறந்த பின் மூளையை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. உயிரோடு இருக்கும்போது ஆண்டுதோறும் சோதனை. இறந்ததும் மூளை தானம். இரண்டுக்கும் சம்மதிக்க வேண்டும். முதிய கன்னியரிடம் ஒரு விஞ்ஞானி வந்து, நீங்கள் இறந்ததும் உங்கள் மூளை எனக்கு வேண்டும் என்று கேட்கிறார். அடக்கத்தைப் பற்றியும் உயிர்த்தெழுதலைப் பற்றியும் ஆழ்ந்த நம்பிக்கை உள்ளவர்கள் அவர்கள். யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு எடுத்தவர்கள்தாம் என்றாலும், இதை ஒவ்வொருவரும் தனித்தனியே முடிவு செய்யும்படி விட்டார்கள்.

அமெரிக்காவில் சபையின் ஏழு நிர்வாகப் பிரிவுகளிலும், 1917-க்கு முன் பிறந்த சகோதரிகளில் தகுதி உள்ளவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர். அவர்களில் 678 பேர் சம்மதித்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு! 75 வயது முதல் 102 வயது வரை. பிள்ளை பெறுவதில்லை என்ற கடினமான முடிவை எடுத்தவர்கள் நாங்கள், வரும் தலைமுறைக்கு வேறொரு விதத்தில் உயிர் கொடுக்க இது ஒரு வழி என்று சபையைச் சேர்ந்த ஒரு சகோதரி சொன்னதாகப் பதிவு இருக்கிறது. இத்தனை பேர் சேர்ந்து, தம் மூளையைத் தருகிறோம் என்று கையெழுத்திட்டது சாதாரண விஷயம் அல்ல.

சோதனை எப்படி நடக்கும்? சகோதரி ஒரு மேசை முன் உட்காருவார். இன்று என்ன தேதி, என்ன கிழமை, நாம் எந்த மாடியில் இருக்கிறோம் என்று கேட்பார்கள். அன்றாடச் சொற்கள் பத்தை ஒவ்வொன்றாகக் காட்டி உரக்கப் படிக்கச் சொல்வார்கள். சில நிமிடம் வேறு வேலை கொடுத்துவிட்டு, அந்தப் பத்தில் எத்தனை நினைவிருக்கிறது என்று கேட்பார்கள். ஒரு நிமிடத்துக்குள் எத்தனை விலங்குகளின் பெயர் சொல்ல முடியும் என்று கடிகாரம் வைத்துப் பார்ப்பார்கள். ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள், ஒரு படத்தைப் பார்த்து வரையச் சொல்வார்கள். கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்குத் தேர்வு வைத்த ஆசிரியைகளை நினைத்துப் பாருங்கள். சென்ற ஆண்டு எட்டுச் சொல் சொன்னோம், இந்த ஆண்டு ஐந்துதான் வருகிறது என்று தெரிந்தும் அடுத்த ஆண்டும் அதே மேசை முன் வந்து உட்கார்ந்தார்களே, அதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும்!

இறந்ததும் மூளை கென்டகி போய்ச் சேரும். அங்கே வில்லியம் மார்க்ஸ்பெரி என்ற நரம்புநோய்க் குறியியல் வல்லுநர் அதை ஆராய்வார். மருந்தில் ஊறிக் கெட்டிப்பட்ட மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, வெள்ளிச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தால், அல்சைமர் நோயின் இரண்டு அடையாளங்கள் கறுத்துத் தெரியும். நரம்பு அணுக்களுக்கு வெளியே அமிலாய்டு என்ற புரதம் திட்டுத் திட்டாகப் படிந்திருக்கும். அணுக்களுக்கு உள்ளே டௌ என்ற இன்னொரு புரதம் இழையிழையாக முறுக்கிச் சிக்குண்டு கிடக்கும். இந்த இரண்டையும் ஒரே நோயின் அடையாளங்களாகச் சேர்த்து விவரித்தவர் பவேரியாவில் பிறந்த மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர். 1906-இல், மறதியில் கரைந்து இறந்துபோன ஒரு பெண்ணின் மூளையை ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து மியூனிக்குக்கு வரவழைத்து அவர் ஆராய்ந்தார். அந்த நாளில் நோத்ர தாம் பள்ளிச் சகோதரிகளின் தாய் இல்லமும் அதே மியூனிக் நகரில்தான் இருந்தது.

டௌ சிக்குகள் கண்டபடி பரவுவதில்லை. காதுக்கு உள்பக்கம் இருக்கும் நினைவுப் பகுதியில் தொடங்கி, படிப்படியாக ஏறி, கடைசியில் மேற்புறணி எங்கும் பரவும். ஜெர்மானிய ஆய்வாளர்களான பிராக் தம்பதியர் 1991-இல் இதை ஆறு கட்டங்களாக வகுத்தார்கள். எந்தக் கட்டத்தில் எவ்வளவு மறதி இருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம் என்றே எல்லோரும் எண்ணினார்கள். அந்த எண்ணத்தை உடைத்தவர்கள் இந்தச் சகோதரிகள்.

ஆய்வுக் கட்டுரைகளில் ‘சகோதரி மேரி’ என்று குறிப்பிடப்படுபவர் எட்டாம் வகுப்போடு மடத்துக்கு வந்தவர். பத்தொன்பது வயதில் ஆசிரியை ஆனார். பள்ளி ஆண்டு முழுவதும் பாடம் நடத்துவார், கோடை விடுமுறையில் தாமே மாணவி ஆவார். அப்படிக் கோடை கோடையாகப் படித்து உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழை வாங்கியபோது அவருக்கு வயது 41. 77 வயது வரை முழுநேர ஆசிரியை, 84 வரை பகுதிநேரம். 101 வயதில் இறப்பதற்குச் சில மாதம் முன்புவரை சோதனைகளில் நல்ல மதிப்பெண் வாங்கினார். பேச்சில் தெளிவு, மனத்தில் கலகலப்பு. அவருடைய மூளையைத் திறந்து பார்த்தால், திட்டுகளும் சிக்குகளும் ஏராளம்! தாளில் பார்த்தால் அல்சைமர் நோயாளி. நேரில் பார்த்தவர்களுக்கு அப்படி ஒரு நோய் இருந்ததே தெரியாது. அவர் மட்டுமல்ல, சிக்குகள் கடைசிக் கட்டம் வரை ஏறியும் அறிகுறி காட்டாமல் மறைந்த இன்னொரு சகோதரியும் அந்த ஆய்வில் உண்டு. நேர்மாறாக, மூளையில் சேதம் குறைவாக இருந்தும் நினைவு தப்பியவர்களும் உண்டு.

மூளைக்கு ஒரு கையிருப்பு இருக்கிறது என்று இன்று மருத்துவர்கள் பேசுகிறார்கள். ஒரு பாதை அடைபட்டால் வேறு பாதையில் வேலையை முடித்துக்கொள்ளும் திறன். பிறவியிலேயே வளமாக அமைந்த மூளை, படிப்பு, வாழ்நாள் முழுவதும் ஓயாத மூளை வேலை, மனிதர்களோடு பழக்கம் எல்லாம் அந்தக் கையிருப்பில் சேருகின்றன. இதில் எதற்கு எவ்வளவு பங்கு என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் கையிருப்பு என்று ஒன்று உண்டு என்பதைச் சகோதரி மேரியின் மூளையைப் பார்த்த பின் மறுப்பது கடினம்.

1997-இல் வந்த அடுத்த கண்டுபிடிப்பு, நம் வீடுகளுக்கு நேரடியாகப் பயன்படுவது. பட்டம் பெற்று, இறந்துபோன 102 சகோதரிகளின் மூளைகளை ஆராய்ந்தார்கள். அவர்களில் 61 பேருக்கு அல்சைமர் சேதம் இருந்தது. இந்த 61 பேரில், மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு எதுவும் இல்லாதவர்களில் 57 சதவீதத்தினருக்கு வாழ்ந்தபோது டிமென்ஷியா என்ற மறதி நோய் இருந்தது. மூளையின் ஆழத்தில் ஒன்றிரண்டு சிறு அடைப்புத் தழும்பு இருந்தவர்களில் அது 93 சதவீதம். இந்தத் தழும்புகள் மிகச் சிறியவை. கை கால் இழுக்காது, வாய் கோணாது, வந்ததே தெரியாமல் போயிருக்கும். அல்சைமர் சேதம் இல்லாத 41 பேரிடம் இதே அடைப்புகள் இருந்தும் டிமென்ஷியாவோடு அவற்றுக்குப் பெரிய தொடர்பு இல்லை. அதாவது இரண்டும் சேரும்போதுதான் ஆபத்து. சிக்குகளை எதிர்த்து மூளை தாக்குப்பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒரு சிறு அடைப்பு வந்தால் கையிருப்பு தீர்ந்துவிடுகிறது. அல்சைமரை நிறுத்தும் மருந்து நம் கையில் இல்லை. ஆனால் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்து மூளை அடைப்பைத் தடுக்கும் மருந்துகள் தெருமுனைக் கடையிலேயே இருக்கின்றன. தலைசுற்றல் இல்லையே, எதற்கு மாத்திரை என்று பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடும் பெரியவர் வீட்டில் இருந்தால், இந்த எண்களை அவரிடம் சொல்லுங்கள்.

இனி அந்த ஒற்றைத் தாள்கள். மொழியியல் உளவியலாளர் சூசன் கெம்பர், ஒவ்வொரு கதையிலும் கடைசிப் பத்து வாக்கியங்களை எடுத்துக்கொண்டு, பத்துச் சொல்லுக்கு எத்தனை கருத்து அடைபட்டிருக்கிறது என்று எண்ணினார். நம் மொழியில் சொல்லிப் பார்த்தால் இது விளங்கும். “நான் ஊரில் பிறந்தேன். எனக்கு இரண்டு தம்பிகள். நான் பள்ளிக்குப் போனேன்” என்று ஒருத்தி எழுதுகிறாள். “மழை விட்டதும் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அம்மா கூப்பிடுவது காதில் விழாததுபோல ஏரிக்கரைக்கு ஓடுவேன்” என்று இன்னொருத்தி எழுதுகிறாள். இரண்டாவது வாக்கியத்தில் பதினோரு சொல்தான். மழை விடுவது, அதற்குப் பின் நடப்பது, தூக்குவது, இடுப்பில் என்பது, அம்மா கூப்பிடுவது, கேளாததுபோல நடிப்பது, ஓடுவது, எங்கே ஓடுவது என்று கருத்துகள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு வருகின்றன. இப்படி எழுத, முன்னால் சொன்னதை மனத்தில் பிடித்துக்கொண்டே பின்னால் வருவதை அடுக்க வேண்டும். அது நினைவின் வேலை.

1996-இல் 93 சகோதரிகளின் தாள்களை வைத்து முடிவு வெளியானது. இளமையில் கருத்தடர்த்தி குறைவாக எழுதியவர்கள் முதுமையில் நினைவுச் சோதனைகளில் பின்தங்கினார்கள். அதற்குள் இறந்திருந்த 14 பேரின் மூளைகளைப் பார்த்தபோது, குறைந்த அடர்த்தியில் எழுதிய அத்தனை பேருக்கும் அல்சைமர் இருந்தது. அடர்த்தியாக எழுதியவர்களில் ஒருவருக்கும் இல்லை. இடையில் கிடந்தது அறுபது ஆண்டு.

முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்குச் சற்று அச்சமாகவே இருந்தது. அப்படியானால் எல்லாம் இருபது வயதிலேயே முடிவாகிவிடுகிறதா? அவசரப்பட வேண்டாம். பதினான்கு என்பது சிறிய எண். எழுத்து எளிமையாக இருந்ததால் நோய் வந்தது என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. சிறு வயதில் நன்கு வளர்ந்த மூளை பின்னாளில் அதிகம் தாங்கியிருக்கலாம். அல்லது நோயின் மிக மெல்லிய தொடக்கம் நாம் நினைப்பதைவிடப் பல பத்தாண்டு முன்பே எழுத்தில் தெரிந்திருக்கலாம். எப்படியானாலும், மறதி நோய் எழுபது வயதில் திடீரென்று வந்து இறங்குவதில்லை, அதன் வேர் வெகு தூரம் பின்னால் ஓடுகிறது என்ற பார்வை இந்தத் தாள்களால் வலுப்பட்டது. பிள்ளைகளுக்குக் கதை சொல்வதும், அவர்களைப் பேசவிட்டுக் கேட்பதும், பக்கம் பக்கமாகப் படிக்கவைப்பதும் மதிப்பெண்ணுக்காக மட்டும் அல்ல என்று நினைக்க எனக்கு இதுவே போதும்.

2001-இல் அதே வகைத் தாள்களில் 180-ஐ எடுத்து, மகிழ்ச்சி, நன்றி, அன்பு, ஆவல் போன்ற உணர்வுகளைச் சொல்லும் வாக்கியங்களை எண்ணினார்கள். அப்படிப்பட்ட வாக்கியங்களை நிறைய எழுதிய கால்பகுதியினர், மிகக் குறைவாக எழுதிய கால்பகுதியினரைவிட ஏறத்தாழ ஏழு ஆண்டு அதிகம் வாழ்ந்தார்கள். பத்திரிகைகள் இதைத்தான் பெரிதாகப் போட்டன. சிரித்தால் ஆயுள் கூடும் என்று அதைச் சுருக்கியதில் எனக்கு உடன்பாடு இல்லை. மனச்சோர்வு உள்ளவரிடம் போய்ச் சிரி என்று சொல்வது கொடுமை. இளமையிலேயே வெளிப்பட்ட ஒரு சுபாவம் நீண்ட ஆயுளோடு கைகோத்து வந்தது என்பதுவரைதான் இந்த ஆய்வு நம்மை அழைத்துப் போகிறது.

இந்த ஆய்வின் எல்லைகளையும் மறக்கக் கூடாது. இவர்கள் அனைவரும் பெண்கள், பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர், பெரும்பாலும் ஆசிரியைகள். வயலில் நாற்று நட்டு, ஆறு பிள்ளை பெற்று, கையெழுத்துப் போடத் தெரியாமல் தொண்ணூறு வயதிலும் ஊர்க் கணக்கை ஒப்பிக்கும் நம் பாட்டிமாரைப் பற்றி அந்தத் தாள்கள் எதுவும் சொல்ல முடியாது. அதற்கு நம்மூரிலேயே, நம் மக்களிடமே ஆய்வு நடக்க வேண்டும்.

ஸ்னோடன் 2008-இல் ஓய்வு பெற்றார். மூளைத் திசுக்கள் மினசோட்டாவுக்குப் போய்ச் சேர்ந்தன. பின்னர் வந்த இளம் ஆய்வாளர்கள் மூளைச் சீவல்கள் பதித்த கண்ணாடித் துண்டுகளைக் கணினிப் படங்களாக மாற்றும் வேலையில் இறங்கினார்கள். 1990-களில் யாரும் அறியாத சில புரதச் சேதங்களை இன்று அதே திசுக்களில் தேடிப் பார்க்கிறார்கள். வகுப்பறையை விட்டு எப்போதோ வெளியேறிய ஆசிரியைகள் இன்னமும் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தியாவிலும் மூளை தானம் செய்ய இடம் உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 1995 முதல் மனித மூளை வங்கி இயங்குகிறது. அங்கேயே பொதுமக்கள் பார்க்கக்கூடிய மூளை அருங்காட்சியகமும் இருக்கிறது. கண் தானத்துக்குத் தயங்காமல் கையெழுத்துப் போடும் குடும்பங்கள் இன்று நம்மிடையே ஏராளம். மூளையையும் தானம் செய்யலாம் என்பது அவர்களில் பலருக்கே தெரியாது. நோயுற்ற மூளை மட்டும்தான் ஆய்வுக்கு உதவும் என்று எண்ண வேண்டாம். தெளிந்த நினைவோடு மறையும் முதியவரின் மூளையும் அதே அளவு தேவை. இறந்த சில மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்பதால், துக்க வீட்டில் முதன்முறையாகப் பேச முடியாத விஷயம் இது. வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கும்போதே, பெரியவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒருமுறை பேசிவிடுங்கள்.